கூட்டக் குறிப்பில் எழுதாதவை

தார்த்து நகரம். மார்ச் பதினொன்று, காலை பத்து மணி.
வந்திருந்தோர் மூவர்.
குறிப்பெடுக்கும் நான் நான்காவது;
என்னைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் இல்லை.

ஹெல்துர் பேரேட்டைப் பஞ்சுத் தலையணைமேல் கிடத்தினார்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைக் கிடத்துவதுபோல.
பொதுக் களஞ்சியக் கணக்கு. பஞ்ச வருஷம், அறுபத்தேழு.
யார் எத்தனை படி ரை கொண்டுவந்து அளந்தார் என்று
எழுத்தரின் அழகான கை.
அந்த அழகான கையில் முப்பத்தொரு முறை
ஒரே சொல்:
ஒன்றுமில்லை.

"ஒன்றுமில்லை என்று எழுதவும் மை செலவாகிறது, பார்" என்றார்.
நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

விர்வே கொண்டுவந்தது சேறு.
கூஸ்மா ஏரியின் அடிவயிற்றிலிருந்து
குழாய் இறக்கி உருவியெடுத்த ஒரு முழம் சேறு.
குளிர்காலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, வசந்தத்துக்கு ஒரு வெளுப்பு;
ஒரு வருஷம் நகக்கனம்கூட இல்லை.
அறுபத்தேழில் ஒரு குண்டூசி குத்தியிருந்தாள்.
அந்தக் கோட்டுக்குள் மகரந்தத்தை ஒவ்வொன்றாய் எண்ணிமுடிக்க
ஏழு வாரம் ஆனதாம்.
வலது இமையில் ஒரு துடிப்பு மிச்சம்.

"ரை பூத்திருக்கிறது. நன்றாகவே."

ஹெல்துர் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது.
அப்படியென்றால் பேரேடு பொய்,
விளைந்ததை எவனோ வாரிக்கொண்டு போயிருக்கிறான்,
பண்ணை மாளிகையின் வண்டிகள், துறைமுகம், கப்பல் —

"பூத்தது என்றுதான் சொன்னேன்" என்றாள் விர்வே.
"பூ வேறு, ரொட்டி வேறு."

வசந்தத்துக்கு மேலே மணல் ஏறிக் கிடப்பதைக் காட்டினாள்.
ஆகஸ்டில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறது.
கதிர் நின்ற நிலையிலேயே முளைவிட்டு
அழுகியிருக்கலாம்.

அதுவரை ஐனார் வாய் திறக்கவில்லை,
பூசணி விதை உரிப்பதற்குத் தவிர.
இப்போது ஒரு வரைபடத்தை மேசையில் நகர்த்தினான்.
முப்பத்தொரு புள்ளி. ஒன்று பாக்கியில்லாமல்
ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

"மழைக்கு அக்கரை இக்கரை தெரியுமா?"

வெப்பக் குழாய் இரண்டு தரம் செருமியது.
காப்பி ஆறி, மேலே ஆடை கட்டியது.

ஹெல்துர் நாற்காலியை நிமிர்த்தினார்.
ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்;
அவரோ தனக்கே எதிர்வாதம் பேசினார்:
அக்கரை தாழ்வு. வெள்ளம் அங்கேதான் முதலில் ஏறும்.
ஐனார்: அக்கரையார் வேறு தேவாலயத்துக்குப் போனவர்கள்.
விர்வே: சேற்றில் அது தெரியாது.

பிறகு இரண்டு மணி நேரம்
ஒற்றை வாக்கியத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு மூவரும்:
பறிக்கப்பட்டது, பறிக்கப்பட்டிருக்கக்கூடும்,
பறிக்கப்பட்டிருக்கலாம், பறிக்கப்படாமலும்.
வெளியே எமாயோகி ஆற்றில் பனிப்பாளம் முறியும் சத்தம்.
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குறிப்பில் எழுதியது: "முடிவு எட்டப்படவில்லை."
எழுதாதது:

பதினேழாம் வரியில் லேனு, விதவை, ஐந்து பிள்ளைகள்.
கையெழுத்து தெரியாமல் மூன்று சிலுவைக் குறி.
மூன்றாவதில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.
விர்வே அதைக் கண்ணாடிக்குக் கீழே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.
கோபமா என்று ஹெல்துர் கேட்டார்.
"அழுத்தம்" என்றாள்.
"அதற்குமேல் எனக்குத் தெரியாது."
ஐனாரின் அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.
கட்டம் ஒன்று போட்டான்,
என்ன தலைப்பு எழுதுவதென்று தெரியாமல்
வெறுமனே விட்டான்.

கோப்பைகளைக் கழுவ நான் எழுந்தபோது
விர்வே காலணி மாட்டிக்கொண்டே கேட்டாள்,
அக்கரையிலும் ஒரு குட்டை இருக்கிறதல்லவா,
ஆழம் எவ்வளவு என்று யாருக்காவது தெரியுமா.

அடுத்த கூட்டம்: பனி உருகிய பின்.
கொண்டுவர வேண்டியவை: படகு, குழாய், கயிறு.