பக்கத்தில் இருந்த கல்

இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டர்.
துளைப்பொறி கொண்டுவந்த கல் உருளைகள்
தகரப் பெட்டியில் வரிசையாகக் கிடக்கின்றன.
ஈரத்துணியால் துடைத்தால்தான் நிறம் பேசும்.

எல்லோரும் குன்றைப் பார்க்கிறார்கள்.
எனக்குச் சம்பளம்
குன்று மேலேறி வந்த நாளில்
பக்கத்தில் சும்மா இருந்த கல்லைப் பார்க்க.

பழைய நைஸ் பாறை அது.
சாம்பல் பட்டை, வெள்ளைப் பட்டை, யாரோடும் வம்பில்லை.
கீழிருந்து வந்ததோ வேறு சாதி நெருப்பு,
ஆறினால் சுண்ணாம்பாய் உறையும் குழம்பு.
தான் வருமுன் வெந்நீரை அனுப்பியது,
சோடியம் கரைந்த வெந்நீரை,
மயிரிழை விரிசல்கள் வழியே.

பாறை உருகவில்லை.
உருகியிருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரியோடு போயிருக்கும்.
நின்ற இடத்தில் நின்றபடி
வேறொன்றாகிவிட்டது.

குவார்ட்ஸ் முதலில் கிளம்பும்.
அது காலி செய்த இடத்தில்
ஏஜிரின் குடியேறும், நீலப்பச்சை ஊசிகளாக.
இன்னும் நெருங்கினால் ஃபெல்ட்ஸ்பார் செங்கல்லாகச் சிவக்கும்.
அந்த ஊசியையும் சிவப்பையும் வைத்துத்தான்
நியோடிமியம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்கிறோம்.
அடுத்த வீட்டுச் சுவரில் படிந்த புகையைப் பார்த்து
இந்த வீட்டில் என்ன சமையல் என்று சொல்வதுபோல.
பல நாள் தவறிப்போகும்.

சில்வா ஏரி இந்த வருடம் வெகுதூரம் உள்வாங்கிவிட்டது.
சேற்றில் தோணிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.
நமலூக்கா மேட்டுக்கு முகாம் வந்து பதினான்கு மாதம்.
ஒரு கிராம் உலோகம் இன்னும் வெளியே போகவில்லை.
போனது
வாடகை கட்டமுடியாத சிமூலா வாத்தியாரும்
அவருடைய ஏழு கோழிகளும்.
மடெம்பா மீன் காய்ந்த பரண்கள் இருந்த இடத்தில்
செல்போன் சார்ஜ் ஏற்றும் கடை, பியர் கடை,
பூட்ஸ் மட்டும் விற்கும் ஒரு கடை.
வைசன் வலையை விற்றுவிட்டு ஆரஞ்சு உடுப்பில் அலைகிறான்.
வெங்காயம் நறுக்கும் அம்மாவிடம்
"பாதுகாப்புக் கண்ணாடி எங்கே?" என்று கேட்கிறான்.
அவள் கத்தியைக் காட்டினாள்.

அவள்தான் எனெலெசி. என் வீட்டுக்காரி.
எனக்காகவே கடனில் ஓர் இரும்புக் கட்டில் வாங்கியவள்.

நேற்று ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது.
எண்கள் மெலிந்தவை.
லாரிகளை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
தாளை மடித்துப் பையில் வைத்தேன்.
அதற்குள் பூட்ஸ் கடையில் விலை பாதியாகிவிட்டது.
யார் சொன்னார்களோ.

ராத்திரி எனெலெசி என் லென்ஸை வாங்கி
விளக்கடியில் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது மறுபடி பழைய கல்லாகுமா?"
"பல கோடி வருடமாக ஆகவில்லை."
"கேட்டு வைத்தேன்" என்றாள்.
கட்டில் கடனில் இன்னும் ஐந்து தவணை.
அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடிந்ததும்
அகழி ஓரம் ஒதுக்கிய குவியலுக்கு வந்துவிட்டாள்.
கம்பெனிக்கு வேண்டாத கல்லில்
அடுப்புக்கு மூன்று வேண்டுமாம்.
சாம்பல் பட்டை போட்ட அழகான ஒன்றைத் தூக்கினாள்.
"அதை வையுங்கள். குவார்ட்ஸ் இருக்கிறது,
பெரிய தீ பட்டால் வெடிக்கும்."
சிவந்து, ஊசி பாய்ந்து, அழுக்காய்க் கிடந்ததில்
மூன்றைப் பொறுக்கி
கதிர் எண்ணும் கருவியை அவற்றின்மேல் நகர்த்தினேன்.
வெறும் மண்ணுக்கு அடிக்கும் அளவுதான் அடித்தது.

ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்,
ஒன்றைத் தலைமேல்.
மூன்றாவதை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.
எதிரே வைசன் வந்தான்,
ஆரஞ்சு உடுப்பை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு,
ஏரி இருக்கும் திசையில்.