திரையின் வலது கீழ்மூலை

ஒன்பது வருடம் அங்கேதான் இருந்தேன்.
முட்டை வடிவத்தில் ஒரு சின்னச் சன்னல்,
கறுப்புச் சட்டை, வளையல் கூடாது, நகப்பூச்சு கூடாது.
போதகர் ஓசேயாஸ் பிராந்தோலின் பேசப் பேச
காது கேளாதவர்களுக்கு
என் கைகள் பேசும்.

கோயானியாவில் காலை ஆறு மணி.
"டம்ளரில் தண்ணீர் பிடித்து டிவி மேல் வையுங்கள், ஆசீர்வதிக்கிறேன்" என்பார்.
டிவிகள் தட்டையாகி
மேலே வைக்க இடமற்றுப் போன பிறகும் அதையேதான் சொன்னார்.
ஜனங்கள் பக்கத்தில் முக்காலி போட்டு வைத்தார்கள்.

அழத் தொடங்குமுன்
சட்டைக் கைப்பொத்தானைத் திருகுவார்.
பழகிப்போய், சில நாள் அவருக்கு முன்பே
என் விரல் கன்னத்தில் இறங்கிவிடும்.
இயக்குநர் காதுக்குள் திட்டுவான்:
"ஜுரேமா, அவசரப்படாதே, கண்ணீர் இன்னும் வரவில்லை."

காது கேளாதவர்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.
ஆளைப் பார்ப்பார்கள், ஒரு சைகை, அதுதான் பெயர்.
அவருக்கு: மணிக்கட்டில் பொத்தான் திருகல்.
எனக்கு: இடக்கண்ணுக்குக் கீழே மச்சத்தில் ஒரு தொடல்.

தேர்தல் வந்தது.
ஆமெனுக்கு முன்னால் நான்கு இலக்கம் சொன்னார்.
தேர்தல் நீதிமன்றம் அபராதம் போட்டது.
துன்புறுத்தப்படும் நீதிமானுக்கு என்று கேட்டார்;
அபராதத்தைப் போல மூன்று மடங்கு வசூல்.

வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கையில்
ஓடைக்கரைத் தெருவில் முரசு கொட்டிச் சாமியாடும்
லிந்தாவ்ரா அம்மையின் வீட்டைப் பற்றிப் பேசினார்.
பிசாசு அங்கே வாடகைக்கு இருக்கிறது என்றார்.
பச்சைக் கேட் என்றார்.
பிசாசு. வாடகை. பச்சை. கேட்.
பச்சையை நான் தவறவிட்டிருக்கலாம்.
விடவில்லை.
தொழில் தெரிந்தவள் விடமாட்டாள்.

இரண்டாம் நாள் இரவு கேட் எரிந்தது.
முரசுகளின் தோலைக் கிழித்திருந்தார்கள்.
"நான் யார் பெயரையும் சொல்லவில்லையே" என்றார் காலையில்.
அதையும் சொன்னேன், கையால், பிழையில்லாமல்.

லட்சத்து நாற்பதாயிரம் வாக்கு.
பிரசிலியாவில் நான்கு வருடத்தில் மூன்று கட்சி.
பிறகு அந்த ஹோட்டல் அறை வீடியோ,
அபிஷேக எண்ணெய்ப் பெட்டிகளில் கட்டுக்கட்டாய் நோட்டு.
மறுநாள் என் பக்கத்தில் நின்று அழுதார்.
பொத்தானைத் திருகவில்லை.
நிஜமாகவே அழுதாரோ
அரைக்கைச் சட்டை போட்டதாலோ,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரம் அவர் பெயரை மாற்றிவிட்டார்கள்:
பொத்தானைத் திருகிய விரல்கள்
இப்போது ஒவ்வொன்றாய் மடங்கிப் பைக்குள் போகின்றன.
என் மச்சத்தை யாரும் மாற்றவில்லை.
மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையை விட்ட மார்ச்சில், காம்பினாஸ் சந்தையில்,
மரவள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
ஊன்றுகோலுடன் ஒருத்தி வழிமறித்தாள்.
கோலைக் கக்கத்தில் இடுக்கிக் கைகளை விடுவித்துக்கொண்டாள்.
மச்சம், என்றாள்.
சர்க்கரை மாத்திரையை நிறுத்து, தண்ணீரைக் குடி என்றாய்.
பாவாடைக்குக் கீழே ஒரு கால்தான் இருந்தது.

போதகர் சொன்னது அது, என்றேன்.
அவர் வாயை மைக் மறைத்திருக்கும், என்றாள்.
நான் அவரைக் கண்டதே இல்லை.
நீதான் சொன்னாய்.

மன்னிப்புக்கு எங்கள் மொழியில்
கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டித் தாடையைத் தொட வேண்டும்.
கையில் மண் ஒட்டியிருந்தது. தொட்டேன்.
முழுவதும் பார்த்தாள்.
டிவியில் உன் கை இவ்வளவு பெரிதாகத் தெரியாது, என்றாள்.
கோலை எடுத்துக்கொண்டு
மீன் கடைப்பக்கம் போனாள்.

இப்போது செனட்டுக்கு நிற்கிறார்.
அதே ஆறு மணி, புதுச் சட்டை, முழுக்கை.
சத்தத்தை அணைத்துவிட்டு மூலையை மட்டும் பார்க்கிறேன்.
புதுப் பையன். இருபத்துமூன்று இருக்கலாம்.
நல்ல கைகள்.
ஒரு சொல்லையும் விடுவதில்லை.