கணக்கில் இரண்டரை டன்

கூர்செல் துறைமுகத்தில்
மீன் ஏலம் போட்ட கல்மேடையில் எனக்கு இடம்.
ஒரு பென்சில், ஒரு சாய்வுப் பலகை,
கடைசிப் பக்கங்களுக்கு வந்துவிட்ட பேரேடு.
போருக்கு முன் பிராட்ஃபோர்டில் பால்புட்டி எண்ணியவன் நான்.
இங்கே வாத்து எண்ணுகிறேன்.

வாத்து நாங்கள் வைத்த பெயர்.
ஆறு சக்கரம், அடியில் படகு, வாலில் ஒரு விசிறி.
மணல் தட்டியதும் டயரில் காற்றைக் குறைப்பான்,
தார்ச்சாலை ஏறியதும் கூட்டுவான்,
ஓட்டுகிறவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே.
ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
இங்கே இரண்டும் ஒரே தகரம்.
ஏறி இறங்க எவனுக்கு நேரம்?

ஒரு நடைக்கு இரண்டரை டன்.
தூரத்தில் நிற்கும் கப்பலிலிருந்து வலை இறங்கும்,
குண்டு, பெட்ரோல், பிஸ்கட், முள்கம்பி,
ஒருமுறை, யார் கேட்டாரோ, ஒரு ஆர்மோனியம்.
நான் ஒரு கோடு போடுவேன்.
நாலு கோடானால் குறுக்கே ஒன்று.
திரும்பும்போது அடிபட்டவர்களைக் கொண்டுபோவார்கள்.
அவர்களுக்கு என் பேரேட்டில் கட்டம் கிடையாது.
வரவு மட்டும்தான் என் இலாகா.

ஜூன் பத்தொன்பது, வாடை கிளம்பியது.
மிதவைப் பாலம் அப்பளமாக நொறுங்கியது.
கரையெல்லாம் கவிழ்ந்த படகுகள்,
பல் விளக்காத வாயைப்போல நாறும் கடற்பாசி.
நான் மூன்று நாள் ஒரு கோடும் போடவில்லை.
முன்னணியிலிருந்து சைக்கிளில் சீட்டு வந்தது:
பீரங்கிக்கு நாளொன்றுக்குப் பத்துக் குண்டுதான் மிச்சம்.
அதை வாசித்த அதிகாரி
மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் காலை ஆக்ராய்ட் வண்டியைக் கிளப்பினான்.
யாரும் போகச் சொல்லவில்லை.
யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் எம்ரிஸ், வேல்ஸ்காரப் பையன்,
கப்பலருகே கொக்கியைக் கழற்றுவது அவன் வேலை.
நீச்சல் தெரியாது.
தெரிந்தால் தண்ணீரை நம்பிவிடுவேன் என்பான்.
அலை ஒன்றில் ஏறி மறைந்தார்கள்,
அடுத்ததில் தெரிந்தார்கள்,
அதற்கடுத்ததில் நான் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து
வாத்து சரிவேறி வந்தது.
ஈரத் தார்ப்பாயின் கீழே நிறைய பெட்டிகள்.
பீரங்கிப் படையின் லாரி ஏற்கெனவே பின்வாங்கி நின்றது,
பையன்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்கள்.
முதல் பெட்டியை நெம்பினேன்.

காகிதம்.
இரண்டாவதிலும் காகிதம்.
வரவுப் படிவம், மூன்று பிரதி,
கோடு போட்டு, கட்டம் போட்டு,
ஓரத்தில் ஓட்டை குத்தி.
மே மாதம் நான்தான் கேட்டு எழுதியிருந்தேன்,
பேரேடு தீர்ந்துவருகிறது, அவசரம் என்று.

ஆடும் கப்பலில் மேலே எது இருந்ததோ
அதை இறக்கியிருக்கிறார்கள்.
யாரைத் திட்டுவது?
லாரிப் பையன்கள் சட்டைக் கையை இறக்கிவிட்டார்கள்.
அதில் ஒருவன் சிரித்தான்,
சிரித்தபடியே போய் டயரை உதைத்தான்.

"எம்ரிஸ் எங்கே?" என்றேன்.
ஆக்ராய்ட் தன் இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டினான்.
ஒன்று கப்பல். ஒன்று வாத்து.
மெதுவாகச் சேர்த்தான்.

புதுப் படிவம் ஒன்றை எடுத்தேன்.
தேதி. வண்டி எண். எடை.
பொருளின் பெயர் என்ற இடத்தில்
"படிவங்கள்" என்று எழுதினேன்.
குறைவு, சேதம் என்று ஒரு கட்டம்,
புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.
என் பென்சில் அங்கேயே நின்றது.
அந்தக் கட்டம் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.
கடலைவிட்டு நூறு கஜம் வந்த பிறகும்
ரொட்டிக்கடைக்கு எதிரே, கல் பாவிய தெருவில்,
வாத்தின் வாலில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது,
காற்றை வெட்டி வெட்டி.
நெம்புகோல் அவன் முழங்காலருகே.
நான் சொல்லவில்லை.
எண்ணெய் தீரட்டும் என்று இருந்தேன்.