இணைப்பு ஈ

ஐப்பசி மழை. விடியாத நாலு மணி.
இயந்திரக் குரல் ஐம்பது என்றது, நாற்பது, முப்பது.
பத்துக்குப் பிறகு
சக்கரம் தரை தேடிய நேரம் ஏழு விநாடி.
பதிவில் கண்ணாடித் துடைப்பானின் சத்தம் மட்டும்.
அறுபது தடவையாவது கேட்டிருப்பேன்.
கேப்டன் நொரோன்யா ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்திலிருந்த பையன் "சார்" என்றான்.
அவ்வளவுதான்.

கிளம்பிப் பதினோரு நிமிடத்தில் திரும்பிய விமானம்.
சரக்கறைக் கதவு திறந்திருக்கிறதென்று ஒரு விளக்கு சொன்னது.
கதவு திறக்கவில்லை.
சேற்றில் புதைந்து கிடந்தபோதும் திறக்கவில்லை,
வெட்டித்தான் எடுத்தோம்.
உள்ளே முத்துப்பேட்டை நண்டு, நாலரை டன்,
கொடுக்குகளை நீலக் கயிற்றால் கட்டி
சிங்கப்பூருக்கு எழுதிய பெட்டிகள்.
பாதி உடைந்திருந்தன.

ஓடுதளம் முடிந்து, வேலி முடிந்து,
கீழமாங்குளம் வைரக்கண்ணுவின் சம்பாவில்
இருநூற்றுப் பதினான்கு மீட்டர்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
அவரே நடந்தார், முழங்கால் சேற்றில்,
மிதிபடாத பயிரை மிதிக்காமல்.

சக்கரம் பிடித்திருந்தால் தடம் கறுப்பாக இருக்கும்.
இங்கே வெள்ளை.
தண்ணீர் கொதித்து ஆவியாகிக் கழுவிய வெள்ளை.
கடைசிவரை அந்த டயர்கள் ஊரைத் தொடவில்லை,
ஊரின் மழையைத் தொட்டன.

மழை பெய்யும், சரி.
ஏன் வடியவில்லை?

நாலாம் நாள் மதகுக் குழாயில் கையை விட்டேன்.
மூன்று யூரியா சாக்கு,
ஆற்று மணல் நிரப்பி,
வாயை நைலான் நூலால் தைத்திருந்தது.
நெருக்கமான, பொறுமையான தையல்.

"நாந்தான் வெச்சேன்" என்றார், கேட்பதற்கு முன்பே.
"ஓடுதளத்துத் தண்ணி எண்ணெயோட வருதும்மா.
நாத்து கருகுது.
மூணு வருசம், மூணு மனு."
பால் பாக்கெட் உறைக்குள் மடித்து வைத்திருந்தார்.
ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை: பெறப்பட்டது.
மனுவுக்கு ஒரு மூட்டை.

தலைமை அலுவலகம் இரண்டு சொல் போதுமென்றது.
விமானி பிழை.
இறந்தவர் மேல்முறையீடு செய்வதில்லை.
கேப்டனின் மனைவி மட்டும் போனில்
மூக்குக்கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டார்.
கிடைக்கவில்லையென்றேன்.
களை பறிக்க வருவார்கள், சொல்லிவைக்கிறேன் என்றேன்.

ஏழு விநாடியை எழுதினேன்.
பொய் சொன்ன விளக்கை எழுதினேன்.
மூட்டைகளை எழுதினேன்,
மூட்டைகளுக்கு முந்திய மனுக்களை
இணைப்பு ஈ என்று சேர்த்தேன்.
அச்சாகி வந்த அறிக்கையில்
இணைப்புகள் இ-யோடு முடிகின்றன.
மூட்டைகள் இருக்கின்றன, பக்கம் நாற்பத்தொன்றில்,
வண்ணப் படத்தோடு.
காவல் நிலையத்தில் வைரக்கண்ணுவின் பெயருக்கு
இப்போது ஒரு எண் உண்டு.

அந்த நாலாம் நாளில்தான்,
மதகைத் திறந்து தண்ணீர் இரைந்து வடிந்தபோது,
சக்கரப் பள்ளத்தில் ஒன்று அசைந்தது.
கொடுக்கில் நீலக் கயிறு.
"நல்ல தண்ணி. இதுக்கு ஒத்துக்காது" என்றபடி
கருக்கரிவாளின் நுனியால் முடிச்சை அறுத்தார்.
விடுபட்ட கொடுக்கு
முதலில் பிடித்தது அவர் கட்டைவிரலை.
ரத்தம் வந்தது.
அவர் உதறவில்லை.
குனிந்து, கையை மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் விட்டு,
அது விடும்வரை
அப்படியே இருந்தார்.
டேப்பின் மறுமுனையோடு நான் நின்றிருந்தேன்.