எண்பத்தெட்டு மணி நேரம்

ஆவிப்பெட்டியின் கதவைச் சாத்தினேன்.
நவம்பர் இருபத்துமூன்று, நள்ளிரவு.
எண்பத்தைந்து டிகிரி சூடு,
எண்பத்தைந்து விழுக்காடு ஈரம்.
உள்ளே பதினேழு சூரிய மின்கலங்கள்,
ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் நகத்தளவு.
ஆயிரம் மணி நேரம் வேக வேண்டும்.

பாயான் லெப்பாசில் மழை விட்டிருந்தது.
வெளியே வந்தால் அதே புழுக்கம்,
கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான்.
இந்தத் தீவில் முப்பத்துநான்கு வருடமாக
நானும் சோதனையில்தான் இருக்கிறேன் என்று
சியூ லிங்கிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
அவளுடைய ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது.

என்னுடையது டிசம்பர் முப்பத்தொன்று.
விரல்விட்டு எண்ணினேன், பிறகு கால்குலேட்டரில்:
முப்பத்தெட்டு நாள்,
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு மணி.
எண்பத்தெட்டு மணி நேரம்
என்னிடம் இல்லை.

தேசிய ஆய்வுக்கூடம் என்று வாசலில்
ஆளுயர எழுத்து.
அதன் கீழே நுழைகிற நாங்கள்
ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறோம்,
அல்லது இல்லை.
வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கிக்காரர்
என் முனைவர் பட்டத்தை
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு
"நிரந்தரமா?" என்றார்.
பட்டம் நிரந்தரம்தான் என்றேன்.

சாலைக்கு அந்தப் பக்கம் சில்லு ஆலையில்
என்னோடு படித்த தர்மசீலன்.
இரட்டைச் சம்பளம், தெலுக் கும்பாரில் சொந்த வீடு.
"இன்னும் எதுக்கு அங்கேயே கிடக்கிற?"
பதில் தெரியாமல் இல்லை.
போன தடவை எண்ணூறாவது மணியில்
எல்லாம் பழுத்து மஞ்சளாகிவிட்டன.
ஒன்று மட்டும், ஆறாம் எண்,
கறுப்பாகவே நின்றது.
ஏன்?
அந்த ஏனுக்கு எந்த ஆலையும் சம்பளம் தராது.
இங்கேயும் டிசம்பர் வரைதான் தருகிறார்கள்.

கடைசி நாள்.
மேசையில் இருந்த குவளையை எடுத்துக்கொண்டேன்,
செருப்பை எடுத்துக்கொண்டேன்.
பெட்டியின் கதவில் மலாயில் ஒரு தாள் ஒட்டினேன்:
நான்காம் தேதி மாலை நான்குவரை திறக்காதீர்கள்.
கீழே பெயர், கைபேசி எண்.
பதவி என்ற இடத்தில்
எதுவும் எழுதவில்லை.

ஜனவரி நான்கு, மூன்றே முக்கால்.
கார்டைத் தேய்த்தேன். சிவப்பு.
சட்டையில் துடைத்துத் தேய்த்தேன். சிவப்பு.
காவல் கூண்டில் தில் பகதூர்
கண்ணைப் பார்க்காமல் வருகையாளர் நோட்டைத் தள்ளினார்.
அவருக்கு இங்கே இன்னும் இரண்டு வருடம்
பர்மிட் இருக்கிறது.

பெயர்: யோகமலர் நாகப்பன்.
நிறுவனம்: ஒரு கோடு.
யாரைப் பார்க்க?
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மணி மூன்று ஐம்பத்திரண்டு.

பதினேழு பேர், என்று எழுதினேன்.

தில் பகதூர் நோட்டைத் திருப்பிப் படித்தார்.
"இத்தனை பேரா உள்ளே இருக்காங்க, மேடம்?"

எத்தனை பேர் மிச்சம் என்று பார்க்கத்தான்
வந்திருக்கிறேன்,
கதவைத் திறங்க.