மூவரில் இருவர்

வுப்பர்டாலில் மேகத்தைத் தேட வேண்டியதில்லை.
ஆற்றின் மேல் தொங்கிப் போகும் ரயிலைப் போல
பாதி வருடம் அது தலைக்கு மேலேயே தொங்கும்.
நாங்களோ ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம்.
நவம்பர் பில்
இரண்டு பட்டறை ஆட்களின் சம்பளத்தைத் தாண்டியது.

முதலாளியம்மா ஹால்பாஹ் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
"என் குறடுகளின் வரைபடங்கள்
இன்றிரவு எந்த ஊரில் தூங்குகின்றன?"
திரையில் ஒரு மண்டலப் பெயரும் ஓர் எண்ணும்.
அதை ஊர் என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் நான்.
எங்கள் பக்கம் மேகம் ஏமாற்றும்,
ஆனால் ரசீது அனுப்பாது.

திவாலான மெத்தைக் கடையின் ஏலத்தில்
மூன்று சர்வர்கள் கிடைத்தன.
பழைய சாயப்பட்டறைக் கீழ்த்தளம்,
சுவரில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது.
ரேக்கின் சதுர நட்டுகளை விரலால் மாட்டி
எனக்கு நகம் பெயர்ந்த பிறகு
மெலெக் மாடிக்கு ஏறிப் போய்
வரிசையிலிருந்து ஒரு குறடோடு வந்தாள்,
எண்ணெய் காயாதது.
மேகத்தின் முதல் நட்டை
எங்கள் குறடுதான் கடித்துப் பிடித்தது.

மென்பொருளுக்கு விலையில்லை என்றதும்
முதலாளியம்மாவுக்குச் சந்தேகம்.
திறந்துதான் வைத்திருக்கிறார்கள், படிக்கலாம் என்றேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
உண்மையாகவே அரைப் பக்கம் படித்தார்.
"இதில் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது.
மனிதன்தான் எழுதியிருக்கிறான்."
கையெழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி.
மூவரில் இருவர் ஒத்துக்கொண்டால் அது உண்மை.
தனித்துப் போனவன் எதையும் எழுதக் கூடாது,
வாய்மூடிக் காத்திருக்க வேண்டும்.
எங்கள் பாகப்பிரிவினையில் இந்த விதி இருந்திருக்கலாம்.

டிசம்பர் ஆர்டர்கள் குவியும்போது மட்டும்
கடைமுகப்பு வாடகை மேகத்துக்கு ஏறிப் போகும்.
விருந்துக்குப் பக்கத்து வீட்டு அண்டா வாங்குவதுபோல;
கழுவித் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.
வரைபடங்கள் படி ஏறுவதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், இரவு இரண்டு பத்துக்கு
ஒன்றாவது சர்வரும் மூன்றாவதும்
ஒன்றையொன்று செத்துவிட்டதாக அறிவித்தன.
இரண்டாவது, இருவரோடும் பேசிக்கொண்டே
ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சு விடவில்லை.
வரைபடங்கள் உறைந்தன.
பெரிய பொட்டலங்களை நடுவழியில்
விழுங்கிக்கொண்டிருந்தது நெட்வொர்க் டிரைவர்.
ஒன்பது வருடம் முன்பு எவரோ
இதே முறையீட்டை எழுதி வைத்திருந்தார்.
அடியில் பதிலே இல்லை.

விடியும்போது ஒரு வரி மாற்றினேன்.
ஒரே ஒரு வரி.
மூன்றும் தலையாட்டின.
அந்த வரியை, வந்த இடத்துக்கே அனுப்பினேன்,
யாரென்று தெரியாதவர்களுக்கு.
பகலாக இருக்கும் ஏதோ ஒரு தேசத்திலிருந்து பதில்:
"சரி. ஆனால் ஓர் இடைவெளி குறைகிறது.
திருத்தி மறுபடி அனுப்பவும்."
நன்றிகூட இல்லை.
அன்று முழுக்க நான் சிரித்த முகமாய் இருந்தேனாம்,
மெலெக் சொன்னாள்.
மூன்று வாரம் கழித்து
மாற்றங்களின் நெடும் பட்டியலில்
இனிஷியலோடு என் பெயர்,
செந்தூரன் வே.,
ஒரு பிரேசில்காரருக்கும்
வெறும் பூனைப் படமாக மட்டும் இருக்கும் ஒருவருக்கும் நடுவில்.

இன்று வெளியே கொட்டுகிறது.
ஆறு கலங்கி ஏறுவதாக வானொலி.
கீழ்த்தளத்தில் விசிறிகளின் ஒரே சுருதி.
பழைய தமிழில்
மழை என்றாலே மேகம் என்றும் பொருள் உண்டு,
இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.
மெலெக் குனிந்து
உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள்.
"இங்கே அதில் ஒன்று போதும்" என்றாள்.
பிறகு இருவருமாக
அடித்தட்டு சர்வரைக் கழற்றி
இரண்டு தட்டு மேலே ஏற்றினோம்.
மற்ற இரண்டும் ஒத்துக்கொண்டிருந்தன.