மட்டை பையிலேயே இருக்கட்டும்

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு
காலை ஏழுக்குக் கோர்ட்டில் நிற்கிறேன்.
மட்டையை வெளியே எடுக்கவிடவில்லை துர்கேஸ்வரி,
என்னைவிட இருபது வயது சின்னவள்.
"தூக்கிப் போடுங்கக்கா. அவ்வளவுதான்."

மூன்று வாரமாக அதுதான்.
போடுகிறேன், முதுகுக்குப் பின்னால் விழுகிறது.
போடுகிறேன், தாழ இறங்கும் விமானத்தின்
சக்கரத்தோடு கண் போய்விட
பந்து மூக்கில்.
அவள் சிரிக்கவில்லை. நேற்றைய மழையைச்
சப்பாத்தால் தள்ளிக்கொண்டே சொன்னாள்:
"உச்சியில கொஞ்சம் நிக்கும். அங்க அடிக்கணும்."

பன்னிரண்டு மணி நேரம்
எதுவுமே நிற்காத பெல்ட் முன்னால் இருந்தவள் நான்.
நம்ப நாளாகிறது.

இன்று மட்டையைக் கொடுத்தாள்.
முதல் பந்து வலையில்.
அடுத்தது வேலி தாண்டிச் சாக்கடையில்.
ஆனால் நின்றது. பார்த்தேன்.

"அக்கா, அந்தப் பந்து எட்டு வெள்ளி."